தமிழ் வழியில் நீட்: விண்ணப்பத்திலிருந்து விடைத்தாள் வரை

சனி, ஞாயிறுகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். நீட் தேர்வு முடிந்த மறுநாள் எல்லோரும் வினாத்தாளைக் கொண்டுவருவார்கள். உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகச் சரிபார்ப்போம். ஒவ்வொரு வருடமும் அந்த அறையில் அதிகம் கேட்கும் வாக்கியம் ஒன்றுதான்: "ஐயோ, இது எனக்குத் தெரியும் சார்!"

தெரியும், ஆனால் தப்பாக எழுதியாயிற்று. 'தவறான கூற்று எது' என்பதைச் 'சரியான கூற்று எது' என்று படித்தது. 62-க்குப் போட வேண்டிய வட்டத்தை 63-இல் நிரப்பியது. கடைசிப் பத்து நிமிடத்தில் அவசரமாக ஓட்டியது. ஒருவருக்கு இப்படிப் பதினைந்து கேள்வி போனதாக வைத்துக்கொள்வோம். சரியாக எழுதியிருந்தால் 60 மார்க் வந்திருக்கும். தப்பாக எழுதியதால் அதுவும் போய், மைனஸாக இன்னும் 15 போகும். மொத்தம் 75 மார்க். ஒரு புதிய பாடத்தையே படிக்காமல் எடுத்திருக்கக்கூடிய 75 மார்க்.

அதனால் 'எப்படி நிறையப் படிப்பது' என்பதைவிட, தெரிந்ததை எங்கெங்கே கோட்டை விடுகிறோம் என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். அந்த இழப்பு தேர்வறையில் தொடங்குவதில்லை, விண்ணப்பம் நிரப்பும் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் தேர்வைப் புரிந்துகொள்ளுங்கள்

2025 முதல் உள்ள வடிவம் இது. 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மார்க். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு மைனஸ் 1, எழுதாமல் விட்டால் பூஜ்யம். 2021 முதல் 2024 வரை 200 கேள்விகள் கொடுத்து 180-க்கு எழுதச் சொன்னார்கள். அந்தச் சாய்ஸ் இப்போது இல்லை. பழைய யூடியூப் வீடியோக்களில் 'செக்‌ஷன் பி' என்று யாராவது பேசினால் கடந்து போங்கள். வடிவம் மாறக்கூடியது என்பதால், நீங்கள் எழுதும் ஆண்டின் தகவல் குறிப்பேட்டைத் தேசியத் தேர்வு முகமையின் தளத்திலிருந்து இறக்கி, ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள். நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். போர்தான். ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் பாதி வதந்திகளுக்குப் பதில் அதில் இருக்கும்.

பாதி மார்க் உயிரியலில் இருக்கிறது, 360. இரண்டு பேர் சம மார்க் எடுத்தால் முதலில் பார்ப்பதும் உயிரியல் மார்க்கைத்தான். எனவே உயிரியலை 'ஈஸி சப்ஜெக்ட்' என்று கடைசிக்குத் தள்ளுபவர்கள் தங்கள் காலில் தாங்களே கல்லைப் போட்டுக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, 'இவ்வளவு எடுத்தால் சீட்' என்று யார் சொன்னாலும் எந்த வருடக் கணக்கு என்று கேளுங்கள். 2024-இல் திருத்தப்பட்ட முடிவின்படி 17 பேர் 720-க்கு 720 எடுத்தார்கள். அடுத்த வருடம் இயற்பியல் கடுமையாக வந்தது. நாட்டிலேயே முதலிடம் 686. பொதுப் பிரிவுக்கான தகுதி மார்க் 162-இலிருந்து 144-க்கு இறங்கியது. ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 2025-இல் அது 113. தகுதி பெறுவதும் சீட் கிடைப்பதும் வேறு வேறு என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள். '144 வந்துவிட்டது, என் பிள்ளை டாக்டர்' என்று ஊருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பம்: சின்னத் தப்பு, பெரிய அலைச்சல்

வழக்கமாகப் பிப்ரவரி வாக்கில் விண்ணப்பம் தொடங்கும். நீங்கள் டிசம்பரிலேயே வேலையை ஆரம்பியுங்கள்.

பெயர்தான் முதல் தலைவலி, அதுவும் நமக்கு மட்டுமே உரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், ஆதாரில் முன்னால் இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுதாக. நமக்கு இது எல்லாம் ஒரே ஆள். கணினிக்கு மூன்று ஆட்கள். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயரையும் பிறந்த தேதியையும் எழுதுங்கள். ஆதார் அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் முன்கூட்டியே ஆதார் மையத்துக்குப் போய்த் திருத்துங்கள். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

அடுத்தது பிரிவுச் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மாநில ஒதுக்கீட்டுக்கு. நீட் விண்ணப்பத்தில் இருக்கும் 'ஓபிசி நான் கிரீமி லேயர்' (வருமான வரம்பைத் தாண்டாத பிற்படுத்தப்பட்டோர்) என்பது மத்திய அரசுப் பட்டியல். உங்கள் சாதி அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், அதற்கென்று தனிப் படிவத்தில் சான்றிதழும் வேண்டும். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். அதில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்பது பலருக்குத் தெரியாததால், தகுதி இருந்தும் பொதுப் பிரிவில் போட்டுவிடுகிறார்கள். 2025-இல் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,700, ஓபிசி மற்றும் பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கு 1,600, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000 ரூபாய்.

இப்போது பிரவுசிங் சென்டர் கதை. என்னிடம் படித்த ஒரு பெண் விண்ணப்பம் போடப் போன இடத்தில், கடைக்காரர் அவசரத்தில் தன்னுடைய மின்னஞ்சலையும் செல் எண்ணையும் கொடுத்துவிட்டார். ஹால் டிக்கெட் எடுக்க அவரைத் தேடினால் கடை பூட்டியிருக்கிறது, திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டார். இரண்டு நாள் அந்தக் குடும்பம் சாப்பிடவில்லை. எனவே உங்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்துகொள்ளுங்கள். எண், மின்னஞ்சல், கடவுச்சொல், விண்ணப்ப எண் நான்கையும் ஒரு நோட்டில் பேனாவால் எழுதி வையுங்கள். போனில் மட்டும் வைக்காதீர்கள், போன் தண்ணீரில் விழும்.

புகைப்படம் வெள்ளைப் பின்னணியில், முகமும் இரண்டு காதும் தெளிவாகத் தெரியும்படி எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் அளவில் எட்டுப் பத்துப் பிரதி, போஸ்ட்கார்டு அளவில் நான்கு. விண்ணப்பத்தில் ஏற்றிய அதே படம்தான் தேர்வு நாளிலும், கலந்தாய்விலும் வேண்டியிருக்கும்.

தமிழா, ஆங்கிலமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் தயங்கியதே இல்லை. தமிழ் வழியில் படித்தவர் தமிழைத் தேர்ந்தெடுங்கள். தமிழைத் தேர்ந்தெடுத்தால் கையில் கிடைக்கும் வினாத்தாளில் தமிழும் இருக்கும், ஆங்கிலமும் இருக்கும். ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கிலம் மட்டும்தான். இரண்டு கண் இருக்கும்போது ஒன்றை எதற்கு மூடிக்கொள்ள வேண்டும்? விண்ணப்பித்த பின் மொழியைத் தேர்வறையில் மாற்ற முடியாது. தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் மையங்களில்தான் கிடைக்கும், அதையும் நினைவில் வைத்து ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் மாறுபட்டால் ஆங்கிலம்தான் செல்லும் என்பது விதி. இது வெறும் விதிமுறை வாசகம் என்று நினைக்க வேண்டாம். 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. சிறுத்தை என்று வர வேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று அச்சாகியிருந்தது. கேள்விக்கு 4 வீதம் 196 மார்க் கருணை மதிப்பெண் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஜூலையில் உத்தரவிட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆக, தாளில் தப்பு இருந்தாலும் காப்பாற்ற யாரும் வரப்போவதில்லை என்று எண்ணிக்கொண்டு தயாராவதே நல்லது.

அதற்கு வழி ஒரு நோட்டு. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் பாடநூலில் உள்ள தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல். திருப்பு விசைக்கு எதிரே டார்க், பாகியலுக்கு எதிரே விஸ்காசிட்டி, குன்றல் பகுப்புக்கு எதிரே மியாசிஸ், இனக்கலப்பாதலுக்கு எதிரே ஹைப்ரிடைசேஷன். வலது பக்கத்தை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள், கண்ணுக்குப் பழக வேண்டியது அதுதான். பாடநூலின் பின்னால் கலைச்சொல் பட்டியல் இருக்கும், அங்கிருந்து தொடங்கலாம். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் என்றால் நான்கு மாதத்தில் 1,200. நீட்டுக்கு அதுவே தாராளம்.

தேர்வில் தமிழில் படியுங்கள். வாக்கியம் எங்காவது இடறினால், அல்லது நான்கு விடையும் பொருந்தாதது போலத் தோன்றினால், உடனே ஆங்கிலத்தைப் பாருங்கள். எல்லாக் கேள்வியையும் இரண்டு மொழியில் படிக்க நேரம் கிடையாது. இடறும் இடத்தில் மட்டும்.

பாடத்திட்டத்தில் எதை வெட்டுவது

தேசிய மருத்துவ ஆணையம் 2024 தேர்வுக்குப் பாடத்திட்டத்தைக் குறைத்தது. வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், உலோகவியல், பலபடிகள் போன்றவை போயின. உயிரியலில் செரிமானம், தாவரங்களில் கடத்துமுறைகள், கனிம ஊட்டம் போன்றவை போயின. நம் மாநிலப் பாடநூலில் இவற்றில் பல இன்னும் இருக்கின்றன. பொதுத்தேர்வுக்கு இவை வேண்டும், நீட்டுக்கு வேண்டாம். இந்தப் பிரிவினை தெரியாமல் ஏப்ரலில் உலோகவியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்த பையனிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கி வைத்தேன். உங்கள் ஆண்டின் பாடத்திட்டத்தை அச்செடுத்து, பாடநூலின் பொருளடக்கத்தோடு ஒப்பிட்டு, பென்சிலால் குறியுங்கள். ஒரு மாலை நேர வேலை, மாதக்கணக்கில் மிச்சம். கூடவே செய்முறைத் திறன்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. வெர்னியர், திருகு அளவி, மீட்டர் சமனச்சுற்று எல்லாம் அதில் வரும். ஆய்வகத்தில் கையால் செய்தவருக்கு அந்தக் கேள்விகள் இலவசம்.

எந்தப் புத்தகம் என்ற சண்டைக்கு என் பதில் இது: மாநிலப் பாடநூலில் புரிந்துகொள்ளுங்கள், மத்திய அரசின் பாடநூலான என்சிஇஆர்டி-யில் உறுதிசெய்யுங்கள். உயிரியல் கேள்விகள் பலவும் என்சிஇஆர்டி வரிகளையே முறுக்கி எடுத்தவை. பாடம் ஏற்கெனவே தமிழில் புரிந்திருந்தால் அந்த ஆங்கிலம் பயப்படும் அளவுக்கு இருக்காது. மூன்றாவது புத்தகம் வாங்காதீர்கள். வாங்கியவர் யாரும் அதை முடித்து நான் பார்த்ததில்லை.

உயிரியல்: வரியைக் கேள்வியாக்குவது

மஞ்சள் ஹைலைட்டரால் பக்கம் முழுக்கப் பூசுவது படிப்பு இல்லை. ஒரு பத்தி படித்ததும் புத்தகத்தை மூடி, 'இதில் எதைத் திருப்பிப் போட்டால் தப்பான கூற்றாகும்?' என்று கேளுங்கள். உதாரணமாக, 'மனித விந்து செல்லில் 23 குரோமோசோம்கள் உள்ளன' என்ற வரி. கேள்வி தயாரிப்பவர் எண்ணை மாற்றலாம், விந்து செல்லுக்குப் பதில் முதல்நிலை விந்து தாய்செல் என்று போடலாம். அப்படிப் போட்டால் 46. அந்த வரியின் மூட்டு எங்கே என்று கண்டுபிடிப்பவருக்குக் கேள்வி எப்படித் திரும்பி வந்தாலும் பிடிபடும். இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் வரியைத் திரித்துச் சொல்ல மற்றவர் பிடிக்க வேண்டும் என்று என் வகுப்பில் விளையாட்டாகவே நடத்துகிறேன். சத்தம் அதிகம், ஆனால் மறக்காது.

கூற்று–காரணம், கூற்று I – கூற்று II, பொருத்துக வகைகள் நிறைய வருகின்றன. பொருத்துக கேள்வியில் நான்கையும் பொருத்த முயலாதீர்கள். உறுதியாகத் தெரிந்த ஒரு ஜோடியை எடுங்கள், அது இல்லாத விடைகளை அடியுங்கள். பெரும்பாலும் இரண்டு ஜோடியிலேயே விடை தனியாக நின்றுவிடும். கூற்று–காரணத்தில் இரண்டும் தனித்தனியாகச் சரியா என்று முதலில் பாருங்கள். பிறகுதான் 'ஏனென்றால்' போட்டுச் சேர்த்துப் படிக்க வேண்டும். படங்களையும் மறக்க வேண்டாம், பெயர் எழுதாத படத்தை நீங்களே ஜெராக்ஸ் எடுத்துக் குறித்துப் பாருங்கள்.

வேதியியல், இயற்பியல்

வேதியியல் மூன்று வேறு பாடங்கள். கணக்கு வருவது ஒன்று, வினைகள் வருவது ஒன்று, மனப்பாடம் கேட்பது ஒன்று. கரிம வேதியியலில் பெயரிடப்பட்ட வினைகளை ஒரே பெரிய தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். எந்தப் பொருளிலிருந்து எதற்குப் போகிறோம், அம்புக்குறி மேல் என்ன காரணி என்று வழித்தடப் படம் மாதிரி. மோல் கணக்கு தடுமாறினால் மற்ற கணக்குகளும் தடுமாறும், அங்கே ஒரு வாரம் கூடுதலாகச் செலவிடுங்கள்.

இயற்பியலில்தான் நம் பிள்ளைகள் மனம் ஒடிந்துபோகிறார்கள். 45-ஐயும் போட வேண்டும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. 20 கேள்வியைத் தப்பில்லாமல் போட்டு, 25-ஐத் தொடாமல் விட்டால் 80 மார்க். எல்லாவற்றையும் தொட்டு 20 சரி, 25 தப்பு என்றால் 55. அதோடு நேரமும் போச்சு. அலகுகளும் பரிமாணங்களும், மின்னோட்டவியல், வெப்ப இயக்கவியல், கதிர் ஒளியியல், ஒளிமின் விளைவு, அணுக்கரு, குறைகடத்தி இவை சூத்திரம் தெரிந்தால் கை கொடுக்கும் பாடங்கள். முதலில் இவற்றைக் கெட்டிப்படுத்திவிட்டு அப்புறம் சுழற்சி இயக்கத்தோடு மல்லுக்கட்டலாம்.

கால்குலேட்டர் கிடையாது. அதனால் சில எண்கள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். ஒரு உதாரணம்: 400 நானோமீட்டர் ஒளி, வெளியேற்று ஆற்றல் 2 எலக்ட்ரான் வோல்ட் உள்ள உலோகத்தில் படுகிறது, எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல் என்ன? பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம் என்று பத்தின் அடுக்குகளை எழுத ஆரம்பித்தால் மூன்று நிமிடம் போகும். அவை இரண்டின் பெருக்கல் சுமார் 1240 எலக்ட்ரான் வோல்ட்–நானோமீட்டர் என்று தெரிந்தவர் 1240-ஐ 400-ஆல் வகுத்து 3.1, அதில் 2 போக 1.1 என்று இருபது நொடியில் முடிப்பார். இப்படிப்பட்ட குறுக்குவழிகளை அப்போதைக்கப்போது கடைசிப் பக்கத்தில் சேர்த்து வாருங்கள்.

வருடத்தை எப்படிப் பிரிப்பது

பிளஸ் ஒன் பாடங்களிலிருந்தும் பாதிக்குப் பாதி வருகிறது. பள்ளியில் பிளஸ் டூ நடக்கும்போது யாரும் பிளஸ் ஒன்னைத் தொடுவதில்லை. ஜூன் முதல் அரையாண்டுத் தேர்வு வரை வார நாட்களில் பள்ளிப் பாடம், சனி ஞாயிறில் பிளஸ் ஒன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் வாரம் ஒரு முழுத் தேர்வு. பிப்ரவரி நடுவிலிருந்து பொதுத்தேர்வு முடியும்வரை பொதுத்தேர்வு மட்டுமே.

இந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பெற்றோர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் தமிழ்நாட்டில் வேளாண்மை, கால்நடை மருத்துவம், நர்சிங், துணை மருத்துவப் படிப்புகள் பலவும் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான். நீட் ஒரு நாள் சறுக்கினாலும் அந்தக் கதவுகள் திறந்திருக்க வேண்டும் என்றால் பொதுத்தேர்வை உதறக் கூடாது.

பொதுத்தேர்வு முடிந்து நீட் வரை ஐந்து வாரம்போல் கிடைக்கும். அதில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழைய வினாத்தாள், மதியம் 2 முதல் 5 வரை, ஜெராக்ஸ் எடுத்த ஓஎம்ஆர் தாளில் (வட்டம் நிரப்பும் விடைத்தாள்), பேனாவால். நேரம் முக்கியம். நாம் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில்தான் தேர்வு நடக்கிறது, மூளைக்கு அது பழக வேண்டும். இடையில் வரும் நாள் முழுக்க அந்தத் தாளின் தப்புகளுக்கு. ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து போடுங்கள்: தெரியாதது என்றால் 'தெ', படித்து மறந்தது என்றால் 'ம', கவனக்குறைவு என்றால் 'க'. மூன்று தாள் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். 'க' அதிகமாக இருப்பவர் படிப்பதைக் கூட்டத் தேவையில்லை, வேகத்தைக் குறைக்க வேண்டும். 'ம' அதிகமென்றால் திருப்புதல் போதவில்லை. நல்ல மாணவர்களிடம்தான் 'க' அதிகம் இருக்கும், என் அனுபவத்தில்.

மனசு ரொம்பவும் கனமாக இருந்தால், படிப்பில் உட்காரவே முடியாமல் போனால், 104 அல்லது 14416-ஐ அழைத்துப் பேசலாம். இரண்டுமே அரசு எண்கள். கட்டணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

ஊகிக்கலாமா?

'தெரியாததைத் தொடவே தொடாதே' என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிப் போட்டால் சராசரியாகக் கால் மார்க் லாபம். 20 கேள்வியை அப்படிப் போட்டால் 5 சரியாகி 20 மார்க் வரும், 15 தப்பாகி 15 போகும், கையில் 5 நிற்கும். அதிர்ஷ்டம் சரியில்லாமல் 2 மட்டும் சரியானால் மைனஸ் 10. இந்த 5 மார்க்குக்காக அந்த ஆட்டம் வேண்டாம் என்பேன். அதிலும் கேள்வி தயாரிப்பவர் தப்பான விடைகளை நம் கண்ணைக் கவரும்படிதான் வைப்பார், எனவே அரைகுறை நினைவில் போடுவது கண்ணை மூடிப் போடுவதைவிட மோசம்.

ஆனால் இரண்டு விடையைக் காரணத்தோடு அடிக்க முடிந்தால் நிலைமை மாறிவிடுகிறது. அப்போது சராசரி லாபம் ஒன்றரை மார்க். தாராளமாகப் போடுங்கள். ஒரு விடையை மட்டும் அடிக்க முடிந்தால்? கணக்குப்படி லாபம்தான், முக்கால் மார்க்குக்குச் சற்றுக் குறைவு. நான் என் பிள்ளைகளிடம் உயிரியலில் போடு, இயற்பியலில் விடு என்கிறேன். கணிதவியலாளர்கள் என்னை மன்னிக்கட்டும்.

தேர்வு நாள்

நீட் பெரும்பாலும் மே மாதத்தின் முதல் ஞாயிறு. 2025-இல் அது மே 4, அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாள். கத்திரி வெயிலில் மைய வாசலில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே கிளம்புங்கள். மையத்தை முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு பள்ளி உள்ள ஊர்கள் நிறைய, ஆட்டோக்காரர் வேறொன்றில் இறக்கிவிடுவார்.

1:30-க்கு கேட் மூடிவிடும், ஒரு நிமிடம் தாமதமானாலும் திறக்க மாட்டார்கள். ஹால் டிக்கெட்டில் உங்களுக்கென்று வரச்சொன்ன நேரம் போட்டிருக்கும், அதற்கு அரை மணி முன்பே அங்கே இருங்கள். கையில் இருக்க வேண்டியவை: போஸ்ட்கார்டு படம் ஒட்டிய ஹால் டிக்கெட், வருகைப் பதிவுத் தாளில் ஒட்ட ஒரு பாஸ்போர்ட் படம், அசல் அடையாள அட்டை, ஒளி ஊடுருவும் பாட்டிலில் தண்ணீர். பேனா வேண்டாம், உள்ளே கொடுப்பார்கள். ஹால் டிக்கெட்டில் கண்காணிப்பாளர் முன்னால் போட வேண்டிய கையெழுத்தை வீட்டிலேயே போட்டுவிடாதீர்கள்.

அரைக்கை வைத்த மெல்லிய பருத்தி உடை, செருப்பு. ஷூ கூடாது. தோடு, மூக்குத்தி, கொலுசு, உலோக ஹேர்கிளிப், தாயத்து எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். பல வருடம் போட்ட மூக்குத்தி வாசலில் நின்று கழற்றினால் வராது, ரத்தம்தான் வரும். இரண்டு நாள் முன்பே கழற்றிப் பாருங்கள். காலையில் சீக்கிரம் சாப்பிட்டு, பதினொன்றரை வாக்கில் தயிர் சாதம் மாதிரி வயிற்றைத் தொந்தரவு செய்யாத ஒன்று. தேர்வின் முதல் ஒரு மணி நேரமும் கடைசி அரை மணியும் கழிவறைக்கு விட மாட்டார்கள்.

வினாத்தாள் கைக்கு வந்ததும் அட்டையில் உள்ள குறியீடும் ஓஎம்ஆரில் உள்ள குறியீடும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் உடனே கையை உயர்த்துங்கள், கூச்சம் வேண்டாம். 2 மணிக்கு மணி அடித்ததும் பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒரு புரட்டு.

உயிரியலில் தொடங்குவது என் பரிந்துரை. 50 நிமிடத்தில் 90 கேள்வி முடிய வேண்டும், பழகியிருந்தால் முடியும். அடுத்து வேதியியல் 50, அதன்பின் இயற்பியல் 60. மீதி இருபது நிமிடம் விட்டதைப் பார்க்க. உயிரியல் தாளின் தொடக்கத்தில் இருக்காது என்பதால் ஓஎம்ஆரில் எந்த எண்ணிலிருந்து நிரப்புகிறோம் என்பதில் முழுக் கவனம் வேண்டும். பேனாவில் நிரப்பிய வட்டத்தை அழிக்க முடியாது.

நிரப்புவதைக் கடைசிக்கு வைக்காதீர்கள், ஒவ்வொரு கேள்விக்கும் தாவித் தாவியும் போடாதீர்கள். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளை மொத்தமாக நிரப்புங்கள், நிரப்பும்போது கேள்வி எண்ணை உதட்டில் முணுமுணுத்துக்கொண்டே. விட்ட கேள்வியைச் சுற்றி வினாத்தாளில் ஒரு வட்டம். கேள்வியில் 'தவறான', 'அல்லாத', 'தவிர' என்ற சொல் வந்தால் அடியில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு ஒரு நொடி ஆகும், 'ஐயோ, தெரியும் சார்' பாதி குறையும்.

ஒரு கேள்வி ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். அது எவ்வளவு அருகில் வந்துவிட்டது போலத் தோன்றினாலும் சரி. தாள் கடினமாக இருந்தால் எல்லோருக்கும் கடினம்தான், 2025-இல் இயற்பியலைப் பார்த்து அழுதவர்கள் வேதியியலையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டார்கள்.

முடிந்த பிறகு

வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுவரலாம், பத்திரப்படுத்துங்கள். சில வாரத்தில் உங்கள் ஓஎம்ஆர் தாளின் நகலும் தற்காலிக விடைக்குறிப்பும் இணையத்தில் வரும். விடைக்குறிப்பில் தப்பு இருப்பதாக உறுதியாகத் தெரிந்தால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம், என்சிஇஆர்டி பக்கத்தை ஆதாரமாக வைத்து.

முடிவு வந்ததும் எல்லாம் தானாக நடக்கும் என்று காத்திருக்காதீர்கள். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு மருத்துவக் கலந்தாய்வுக் குழுவிடம் ஒரு விண்ணப்பம். மாநில இடங்களுக்குச் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுவிடம் தனியாக இன்னொரு விண்ணப்பம். நீட் எழுதியதாலேயே மாநிலப் பட்டியலில் பெயர் வந்துவிடும் என்று நினைத்துத் தேதியைத் தவறவிட்டவர்கள் உண்டு.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்ட இடத்தில் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் இதில் சேர்வார்கள். இதற்கு ஒவ்வொரு வகுப்பும் எந்தப் பள்ளி என்று தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். நடுநிலைப் பள்ளி ஒன்று, உயர்நிலை ஒன்று, மேல்நிலை ஒன்று என்று மூன்று பள்ளியில் படித்திருந்தால் மூன்றிலும் வாங்க வேண்டும். மே மாதத்தில் பள்ளிகள் பூட்டியிருக்கும், தலைமையாசிரியர் மாறுதலாகிப் போயிருப்பார். ஏப்ரல் கடைசி வேலை நாளுக்குள் வாங்கி, விண்ணப்ப எண் எழுதிய அந்த நோட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.